கடை அடைத்த நேரத்தில் ஒரு கூட்டம்

புதுச்சேரியில் கடைத்தெரு மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும். மறுபடி தூக்க நாலு மணி ஆகும். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம் என்கிறார்கள். யார் காலத்துப் பழக்கமோ, நான் பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இப்படித்தான். இப்போது பெரிய பெரிய கடைகள் சில மதியமும் திறந்தே இருக்கின்றன. எங்கள் முதலாளி அதற்கெல்லாம் மசியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்து எழுந்து, முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்துதான் சாவியை நீட்டுவார்.

அவர் வீடு அடுத்த தெருவில். நான் தவளக்குப்பம் தாண்டிப் போக வேண்டும். பஸ்ஸுக்கு நின்று, போய், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் நேரம் முழுக்க ரோட்டிலேயே போய்விடும். அதனால் நான் மாதா கோயிலுக்குப் போவேன். அந்த நேரத்தில் கோயில் கதவும் சாத்தியிருக்கும். ஆனால் வளாகத்தில் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கிறது. அங்கே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டு, செபமாலையைக் கையில் எடுப்பேன். பாதியில் தலை தொங்கிவிடும். மாதாவுக்குத் தெரியும், அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள்.

எங்கள் கடையில் எவர்சில்வர் பக்கம் நிற்கிற பெண் ஒருத்தி திண்டிவனம் ரோட்டில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வருகிறவள். அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்காருவாள். யாரோ ஒரு நோயாளிக்குத் துணைக்கு வந்தவள் மாதிரி. ஃபேன் ஓடும், தண்ணீர் இருக்கும், பொம்பளை உட்கார்ந்திருந்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். "படுக்கத்தான் முடியாதுண்ணா, படுத்தா உள்ள தூக்கினு போயிடுவாங்க" என்பாள். எடை போடுகிறவர் காலாப்பட்டுப் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். அவர் சரக்கு இறக்கிவிட்டு நிற்கும் மினி லாரிக்கு அடியில் சாக்கை விரித்துவிடுவார். டிரைவர் வண்டியை எடுக்கும் முன் காலால் தட்டிப் பார்ப்பது வழக்கம்.

இதுதான் என் மகளுக்கு ஆராய்ச்சியானது.

அவள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தாள். மேலே பிஎச்டிக்கும் சேர்ந்தாள். ஒருநாள் நான் வீட்டில் மறந்து விட்ட பிரஷர் மாத்திரையைக் கொடுக்க மதியம் டவுனுக்கு வந்தவள், நான் பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்திருக்கிறாள். தோளைத் தொட்டு எழுப்பினாள். "தெனமும் இப்பிடித்தானாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உன் கூட வேல செய்றவங்கல்லாம் எங்க போவாங்க?" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அந்த நேரத்தில் ஊரைச் சுற்ற ஆரம்பித்தாள். ஜவுளிக்கடைப் பெண்கள், நகைக்கடைக் காவலாளிகள், மருந்துக்கடைப் பையன்கள், எல்லோரிடமும் அதே கேள்விதான். கடை மூடினால் நீங்கள் எங்கே இருப்பீர்கள், அங்கே உங்களை யார் விரட்டுவார்கள்? இதை யாராவது ஆராய்ச்சி என்று சொல்வார்களா என்று எனக்குச் சந்தேகம். அவளுடைய பேராசிரியர் நல்ல விஷயம் என்று சொன்னாராம். ஆனால் உதவித்தொகை நின்றுபோனது. எழுதவோ இன்னும் பாதி இருந்தது.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்குள் அந்த ஈமெயில்கள் வந்தன. நகரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக யாரோ மாதா மாதம் தொகுத்து அனுப்புவது. மேலே, எந்த அறக்கட்டளை எதற்குப் பணம் தருகிறது, கடைசி நாள் என்றைக்கு. கீழே, வரப்போகும் கூட்டங்கள். நகரமும் தண்ணீரும், நகரமும் முதியோரும், நகரத்தில் நடத்தல் என்று என்னென்னவோ. சாப்பிடும்போது மகள் போனைப் பார்த்து வாசிப்பாள், தமிழில் சொல்வாள்.

"நகரத்துல நடக்கறதுக்கு ஒரு கூட்டமா?" என்று என் மனைவி குழம்புச் சட்டியை இறக்கிக்கொண்டே கேட்டாள். "நான் தெனம் நடந்து போயித்தான மீன் வாங்கினு வரேன். எனக்கு இன்னா குடுப்பானுங்க?"

"நீ அப்ளை பண்ணும்மா, பாக்கலாம்" என்றாள் மகள்.

அப்போது சிரித்தோம். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எழுதி அனுப்புவாள், ராத்திரி பகல் பார்க்காமல். பதில் வரும். ஒவ்வொரு பதிலும் வருந்துகிறோம் என்றுதான் ஆரம்பிக்கும். "இவ்ளோ வருத்தப்படறவங்க குடுத்துத் தொலைக்கலாம்ல?" என்று என் மனைவி கேட்டாள். மகள் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனாள். அவளுக்கு முப்பது நெருங்குகிறது. கூடப் படித்தவர்கள் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். கடலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர் வேலை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஜூனில் சேர வேண்டும். போய்ச் சேர்ந்துவிட்டால் ஆராய்ச்சிக்கு நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று வந்தது. நகரங்களில் உழைக்கிறவர்களைப் பற்றி எழுத ஓர் அறக்கட்டளை இரண்டு வருஷத்துக்குப் பணம் தருகிறதாம். இவளுடையது முதல் கட்டத்தில் தேறிவிட்டது. அடுத்த கட்டத்துக்கு ஒரு நிபந்தனை. யாரைப் பற்றி ஆராய்ச்சியோ அவர்களையே கூட்டி ஒரு பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். அவர்கள் பேச வேண்டும். அறக்கட்டளையிலிருந்து வந்து பார்ப்பார்கள்.

"இது கெடைக்கலன்னா நான் ஸ்கூலுக்குப் போயிடறேன்பா. இனிமே யாருக்கும் எழுத மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தால் ஏறிவிடுகிறேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் மனைவி அன்றைக்கே நவநாள் செபம் ஆரம்பித்தாள். நானும் கெபி முன்னால் நின்று, தாயே, இவளுக்கு இந்த ஒன்றை வாங்கிக் கொடு, எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று கேட்டேன். கேட்டு முடித்து, அதே மூச்சில் முழங்கால் வலியைப் பற்றியும் சொன்னேன். மனுஷன் அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில் சிக்கல் வந்தது. அறக்கட்டளைக்காரர்கள் சாயந்திரம் ஆறு மணி என்றார்கள். சாயந்திரம் ஆறு மணிக்குக் கடையில் கூட்டம் நெரியும், யார் விடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை இருக்கிறது, மற்றவர்களுக்கு ஒரு வாரத்துத் துணி இருக்கிறது, அந்த ஒருநாள் யாரும் டவுன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மகள் யோசித்துவிட்டு, "மத்தியானம் கடை அடைக்கிற நேரம்தான்பா அவங்களோடது. அதுலயே வெச்சிடலாம்" என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வீட்டில் மூன்று பேருக்கும் சரியென்று பட்டது. அறக்கட்டளைக்காரர்களும் ஆஹா, பொருத்தமான நேரம் என்றார்களாம்.

இடம், பழைய ஊரைச் சுற்றிப் போகும் புல்வார் ரோட்டுக்கு உள்ளே, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கட்டடம். இப்போது அதில் கூட்டங்கள், படக் கண்காட்சி எல்லாம் நடக்கும். ஏசி ஹால், மெத்தை வைத்த நாற்காலி. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆட்களைக் கூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைகடையாக ஏறி இறங்கினேன். எங்கள் எடைக்காரர்தான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணா, லாரிக்கடியில நான் தூங்கறதுக்கு உன் பொண்ணுக்கு டாக்டர் பட்டமா?"

"ஆமாம். வந்து பேசு."

"தூங்கறவன் இன்னாத்த பேசறது? கொறட்டதான் வுடணும்."

எவர்சில்வர் பக்கத்துப் பெண் குறுக்கே வந்தாள். "சும்மா இருண்ணா. பாப்பா நம்மளத் தேடி வந்து வெயில்ல நின்னு பேசின பொண்ணு. நான் வரேன். ஆனா சாப்பாடு? ஒரு மணிக்கு வந்தா எங்க வெச்சுத் துன்றது?"

அதை மகளிடம் சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். இத்தனை நாள் இந்த ஆராய்ச்சியைத் திட்டிக்கொண்டிருந்த என் மனைவி, "பசியோட வரவங்கள வெறும் வயித்தோட பேச சொல்லுவியா? நான் பாத்துக்கறேன்" என்றாள். எங்கள் அன்பியத்துப் பெண்கள், மாதம் ஒரு வீடாக ஜெபத்துக்குக் கூடுகிறவர்கள், விடிகாலையிலேயே வந்துவிட்டார்கள். தெருவில் அடுப்பு மூட்டிக் கோழி பிரியாணி செய்தார்கள். தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய், முட்டை. ஞானஸ்நானத்துக்கு மாதிரி. தேக்சாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போது டிரைவர், "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார். "ஆராய்ச்சிக்கு" என்றாள் என் மனைவி. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கியதும் ஜனங்கள் வந்தார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர். ஜவுளிக்கடைப் பெண்கள் ஒரே நிறப் புடவையில் வரிசையாக வந்ததைப் பார்த்துவிட்டு வாசல் காவலாளி ஏதோ பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டார். ஹாலுக்குள் நுழையும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. வராந்தாவில் பந்தி. என் மனைவி இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று எல்லோர் தட்டிலும் வைத்துக்கொண்டே இருந்தாள். காலை இட்லிக்குப் பிறகு நின்றுகொண்டே இருந்த ஜனம். நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், சென்னையில் வளர்ந்தவராம், தமிழ் நன்றாகப் பேசினார். கூட ஒருவர் கழுத்தில் கேமராவோடு. அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவும் கீழே உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு ஹாலுக்குள் உட்கார்ந்தோம். கதவைச் சாத்தினார்கள். வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜில்லென்று இருந்தது. மகள் மைக்கில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். முதலில் எவர்சில்வர் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் எழுந்துபோய், மைக்கைக் கரண்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி பெஞ்சுக் கதையைச் சொன்னாள். ஒருநாள் நர்ஸ் ஒருத்தி வந்து, "உங்க பேஷண்டு எங்க?" என்று கேட்டதற்கு, "நான்தாம்மா பேஷண்டு, வியாதி தூக்கம்" என்று சொன்னாளாம். ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்து எழுதிக்கொண்டார். நான் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அடுத்து மகள் படம் காட்டப் போவதாகச் சொல்லி விளக்கை அணைத்தாள்.

அதோடு முடிந்தது. திரையில் கடைத்தெருவின் வரைபடம் வந்தது. அவள் குரல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு தலை சாய்ந்தது. பக்கத்துத் தோளில் விழுந்தது. அந்தத் தோளுக்கு உரியவள் ஏற்கெனவே தூங்கியிருந்தாள். நகைக்கடைக் காவலாளி தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். எடைக்காரர் சொன்ன சொல் தவறாதவர், குறட்டையை ஆரம்பித்தார். நான் அவரை இடித்தேன். "கேட்டுனுதான் இருக்கேன்" என்றார், கண்ணைத் திறக்காமலேயே. கடவுளே, இந்த நேரத்திலா என்று தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே சொன்னேன். எத்தனை வருஷமாக அந்த நேரத்துக்கு அந்தச் செபத்தைச் சொல்லிக்கொண்டே கண்ணை மூடிய உடம்பு இது. அதற்கு வேறென்ன தெரியும்? நானும் போய்விட்டேன்.

கண் விழித்தபோது மகளின் குரல் மைக்கில் இல்லை. திரை இருட்டாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு சின்ன விளக்கு. மேடை விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள், அந்த அம்மா பக்கத்தில். சுற்றிலும் எல்லோரும் தூக்கம். வாய் திறந்து, புடவை விலகி, தலை பின்னால் தொங்கி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து. கேமராக்காரர் வரிசைகளுக்கு நடுவே பூனை மாதிரி நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை. ஏன் என்று தெரியவில்லை, எழுந்தால் மகளுக்கு இன்னும் வெட்கமாக இருக்கும் என்று பட்டது.

அந்த அம்மா மெதுவாகப் பேசினார். அவர் கோபப்படவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "வருத்தப்படாதே. நீ எழுதணும்னு நெனச்சது எல்லாம் இந்தப் படத்துல இருக்கும்மா. இதை முன்னாடி வெச்சு அனுப்பு. யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நானே பேசறேன்."

 மாதா கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

மகள் வரிசைகளுக்கு நடுவே நின்ற கேமராக்காரரைப் பார்த்தாள். பிறகு, "மேடம், அந்தப் படங்கள அழிச்சிடச் சொல்லுங்க" என்றாள்.

"ஏம்மா?"

"அவங்க தூங்கறாங்க மேடம். கேக்காம எடுத்தது."

"எழுந்ததும் கேட்டுக்கலாமே. வேண்டாம்னா விட்டுடலாம்."

"வேணாம்னு சொல்ல மாட்டாங்க. இப்பத்தான் எங்க வீட்டுச் சாப்பாடு சாப்ட்டாங்க. எங்க அப்பா கூப்ட்டார்னு வந்தாங்க. அந்த மொகத்துக்காகவே சரி சரின்னுதான் சொல்வாங்க. அப்பறம் அந்தப் படம் எங்கயாவது போய் எந்த மொதலாளியாவது பாத்தா, தெனம் அதச் சொல்லியே வேல வாங்குவாங்க. ஊட்லயும் கேப்பாங்க, ஏதோ ஒரு ஹால்ல ஆம்பளைங்க நடுவுல படுத்துத் தூங்கினியான்னு. அதுக்கு நான் வந்து பதில் சொல்ல முடியாது மேடம்."

"படம் இல்லாம நான் என்னன்னு எழுதறது? வந்தவங்க எல்லாரும் தூங்கிட்டாங்கன்னா?" அவர் கேட்டது நியாயம்தான். அவருக்கும் மேலே ஆட்கள் இருப்பார்கள்.

"அப்பிடியே எழுதுங்க மேடம். அது உண்மதான."

கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. எழுந்து சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு படம்தானே. நாங்கள் என்ன ராஜகுமாரர்களா, எங்கள் வாயை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பக்கத்தில் எடைக்காரரின் சட்டைப் பொத்தான் திறந்து, வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா பெருமூச்சு விட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கேமராக்காரர் மகளுக்குக் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக அழித்தார். அவளும் ஒவ்வொன்றையும் பார்த்தாள். அதில் நானும் இருந்திருப்பேன்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போன் அலாரம் அடித்தது. உடனே இன்னொன்று. பிறகு ஹால் முழுக்க எல்லாப் போனும். ஒன்றில் முருகன் பாட்டு, ஒன்றில் மாதா பாட்டு, ஒன்றில் சேவல் கூவியது. இந்த நேரத்துக்கு அலாரம் வைக்காத கடை ஆள் யாரும் இந்த ஊரில் கிடையாது. அந்த அம்மா திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

ஜனங்கள் எச்சிலைத் துடைத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள்.

"ஐயோ பாப்பா, பேசி முடிச்சிட்டியா?" என்று கேட்டாள் எவர்சில்வர் பக்கத்துப் பெண்.

"முடிச்சிட்டேன்க்கா."

"நல்லா பேசினம்மா" என்றார் எடைக்காரர். யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடினார்கள். நானும் ஓடினேன், முதலாளி சாவியோடு வந்துவிடுவார். திரும்பிப் பார்த்தபோது மகள் காலி நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அதைச் செய்ய அங்கே வேறு ஆள் இருந்தார்.

பதில் வரச் சில வாரம் ஆனது. அதுவும் வருந்துகிறோம் என்றுதான் வந்தது. அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சியாம். ஆனால் சம்பந்தப்பட்ட மக்கள் அதில் போதுமான அளவு பங்கெடுத்ததாகத் தெரியவில்லையாம். அந்த அம்மா தனியாக ஒரு வரி எழுதியிருந்தாராம், அடுத்த வருஷம் மறுபடி போடச் சொல்லி. அதற்குக் கீழே வழக்கம்போல வரப்போகும் கூட்டங்கள். அதை அவள் வாசிக்கவில்லை.

என் மனைவி அன்றைக்கு ஜெபத்துக்கு உட்காரவில்லை. "எனக்குத் தல வலிக்குது, நீங்க சொல்லிக்கங்க" என்று படுத்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காய்ச்சலிலும் அவள் ஜெபத்தை விட்டதில்லை. நான் மாதா படத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். ஆண்டவர் மேல் கோபப்பட நான் யார்? அலுப்பு. கேட்டுக் கேட்டு வருகிற அலுப்பு. கொடுக்கிற மாதிரி கையை நீட்டி, அதை அவளையே தள்ளிவிட வைத்தது எதற்காக என்று கேட்டேன். அவருக்குத்தான் தெரியும். எனக்கு இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் மகளிடம் கேட்டேவிட்டேன். "அந்தப் படத்த வுட்ருக்கலாமேம்மா."

"வுட்ருக்கலாம்பா" என்றாள். துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "வுட்ருந்தா, அப்பறம் அந்த அக்காங்க கிட்ட போய் நான் எப்பிடி கேள்வி கேக்கறது?"

"இப்ப மட்டும் போய்க் கேக்கப் போறியா?"

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கேட்டிருக்கக் கூடாது.

ஜூனில் பள்ளிக்குச் சேர்ந்தாள். காலையில் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் நான் டவுன் பஸ்ஸுக்கு நிற்பேன், அவள் எதிர்ப்பக்கம் கடலூர் பஸ்ஸுக்கு நிற்பாள். அவள் பஸ்தான் முதலில் வரும்.

கடையில் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு சாயந்திரம், முகூர்த்த நாள் நெருங்கிக் கடையில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தபோது, எவர்சில்வர் பக்கத்துப் பெண் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்குப் பணம் வரலியாமே. ஸ்கூல்ல சேந்துட்டாளாமே."

"ஆமாம்மா."

"நாங்க தூங்கிட்டதாலயா?"

நான் ஒரு குத்துவிளக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். இல்லையம்மா, அது வேறு காரணம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். 

"அதுவும்தாம்மா" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "எழுப்பிருக்கலாம்ல? ஒரு தட்டு தட்டிருந்தா எழுந்து பேசிருப்போம்ல? எனக்கு இன்னும் எவ்ளோ சொல்ல இருந்துச்சு தெரியுமா?"

"அவ எழுப்ப வேணாம்னுட்டா."

"வேணாம்னுட்டாளா?"

"தூங்கட்டும்னு மைக்க அணைச்சிட்டு உக்காந்துட்டா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு வாடிக்கையாளர், "யம்மா, இந்தக் குடம் இன்னா வெல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பைத்தியக்காரப் பொண்ணு" என்றாள். "என் பொண்ணா மட்டும் இருந்தா ரெண்டு அற வுட்ருப்பேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இருங்க சார், வரேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு எடைக்காரரிடம் போனாள். நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.